ஊசி எப்போ நிற்கும், சிஸ்டர்?

தென்காசியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இன்சுலின் ஊசி போடுவது சுலபம். அது எப்போது நிற்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பாடு. இதே வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தண்டு வைத்தியம்

கடையத்து விவசாயி அண்ணாச்சி ஒருவர் டிவியில் 'ஸ்டெம் செல்' பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். உடம்பில் பலவகை உயிரணுக்களாக வளரக்கூடிய மூல அணு அது, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் அணுவை வளர்த்து உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள், இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெளியே வந்த அண்ணாச்சி என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்டெம்னா தண்டுன்னுல்லா எம்பேத்தி சொன்னா. ஒரு மாசமா வாழைத்தண்டா தின்னுக்கிட்டு இருக்கேன்."

ஏட்டையா நம்பிய வீடியோ

பண்பொழியில் ஒரு ரிட்டயர்டு ஏட்டையா. ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் சர்க்கரையே போய்விடும் என்று செல்போனில் வந்த வீடியோவை நம்பி, வெளியூரில் எங்கேயோ தேதி வாங்கிவிட்டார். குணமாகத்தானே போகிறது என்று இன்சுலினை முன்கூட்டியே நிறுத்தியும் விட்டார்.

வாந்தியும் மூச்சிரைப்புமாக அவரை ஆட்டோவில் கொண்டு வந்தார் மனைவி. டிரிப் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், மனுஷர் உட்கார்ந்து இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் மனைவி சொன்னார்:

"எத்தனையோ கள்ளனப் பிடிச்சவரு சிஸ்டர். போனுக்குள்ள இருந்தவன மட்டும் நம்பிட்டாரு."

வாப்பாவின் கண்

கடையநல்லூர் ரிஸ்வானா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. "எம் உடம்புலருந்து அந்த செல்ல எடுத்து இவளுக்கு வைக்க முடியுமா?" என்று அவள் உம்மா கேட்டார். துபாயிலிருந்து வாப்பாவும் வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஸ்டெம் செல் சோதனையில் சிலருக்கு இன்சுலின் தேவைப்படாமலே போயிருக்கிறது. ஆனால் உடம்பு அந்த அணுக்களை ஒதுக்கிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் வீரியமான மாத்திரைகள் வேண்டும். இந்த வயதுக்கு அது இப்போது வேண்டாம், நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.

உம்மா அழுதார். அழுகையோடு ஊசிப் பேனாவை எடுத்தார். ரிஸ்வானா அதை வாங்கி, வயிற்றுச் சதையைப் பிடித்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தானே போட்டுக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"முடிஞ்சிட்டு வாப்பா. கண்ணத் தெறங்க."

ஸ்டெம் செல் நல்லபடியாக வரட்டும், அன்றைக்கே கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்தில் குளிக்கப் போக டாக்டர் உட்பட நாங்கள் எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறோம்.