அம்மாவுக்கு நான்தான் வாய்

பினாங்குக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு நான்தான் வாய். அப்பா காலையில் தொழிற்சாலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியை விட்டு இறங்கினால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. நானோ பள்ளிக்கூடத்தில் மலாய் கற்றுக்கொண்டு, மீன்காரர், பஸ் டிரைவர், கிளினிக் நர்ஸ் என்று எல்லோரிடமும் வெளுத்து வாங்கினேன். மூன்றாம் வகுப்புக்காரிக்கு அந்த மிதப்பு கொஞ்சம் அதிகம்தான். லிட்டில் இந்தியாவில் மட்டும் கடைக்காரர்கள் எல்லாம் தமிழில் பேசி என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள். அதனாலேயே எனக்கு அந்த இடம் ஆகாது.

என் பதவிக்கு உலை வைத்தவர் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி. எங்கள் வாசல் தொட்டியிலிருந்த கறிவேப்பிலையில் ஒரு கொத்து கேட்டு வந்தார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதோடு நிற்காமல் அம்மாவுக்குப் பாடமும் எடுத்தேன்.

"அவங்கள காக்கான்னு கூப்பிடும்மா. மலாய்ல அக்கான்னு அர்த்தம்."

"போடி, வாசலுக்கு வந்தவங்களப் போயி காக்கான்னா கூப்பிடுவாங்க?" என்ற அம்மா, அவரைப் பார்த்துச் சிரித்து, "உள்ள வாங்க அக்கா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேச்சு மலாயிலும் அக்காவை ஏறக்குறைய அப்படித்தான் கூப்பிடுவார்களாம்; எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "யா, அடிக்" என்று அம்மாவைத் தங்கச்சியாக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு நான் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் இருவரும் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பார்கள். "அக்கா, இது ரொம்ப மாசின் லா!" என்பாள் அம்மா, உப்பு அதிகம் என்பதை அரைத் தமிழிலும் அரை மலாயிலும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் இலக்கணப் பிழையைத் திருத்தினால் இருவருமாகச் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மா, நான் சொல்லிக்கொடுத்த மலாய், நடுவில் இவர் யார்?

ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு வயிற்று வலி. கிளினிக் என்றால் நான்தான் துணைக்குப் போவேன். நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீ ஸ்கூலுக்குப் போ. அக்கா கூட வர்றாங்க" என்றாள் அம்மா.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு மலாய் தெரியாது. டாக்டர்கிட்ட என்னத்தப் பேசுவீங்க?"

"பேசிக்குவோம்டி."

அக்கா தம் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் சொன்னது ஒன்றுமே புரியாமல் அம்மா விழிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் உட்கார்ந்து மனதாரச் சபித்தேன்.

மாலையில் வந்து பார்த்தால் அம்மா படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் உட்காரும் இடம் அது. கூடத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். அக்கா தணிந்த குரலில் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: குகுர். அந்த வாரம்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார்கள். விட்டேனா? எழுந்து ஓடினேன்.

"அம்மா, உனக்குப் புரியலல்ல? குகுர்னா இலை உதிர்றது. நம்ம கறிவேப்பிலையச் சொல்றாங்க."

அக்காவுக்கு என்ன புரிந்ததோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. இலைதான்."

ரொம்ப நாள் கழித்து எனக்கு அந்த மடி திரும்பக் கிடைத்தது. பார்த்தீர்களா என்பதுபோல் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். வயிற்றில் தங்காமல் போன பிள்ளைக்கும் மலாயில் அதே சொல்தான் என்பது எங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை.