கிளட்ச் மேல் ஒரு கால்

பத்து நாளாகக் காரில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் வரும், விட்டால் போய்விடும்.

இன்று அலுத்துப்போய் ராயப்பேட்டை மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, நாலு தடவை என்னைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் போச்சு சார். கிளட்ச் மேலயே கால வெச்சிகினு ஓட்டுவியா?"

"சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது." இருபது வருடமாக ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவர் ஜன்னல் வழியே கையை விட்டு இன்ஜினை அணைத்தார். குனிந்து என் காலைப் பார்த்தார்.

"வண்டியே ஆஃப்ல கீது சார். கால் இன்னும் அங்கியேதான் கீது."

மயிலாப்பூரில் மெட்ரோ வேலை முடிந்து டிராஃபிக் நகர்கிறவரை இந்த இடது காலை வேறு எங்கேதான் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.