ஆகாசத்துக்குப் போனவர்களும் மெட்ராஸ் பேப்பரும்

முந்தாநாள் நடந்ததை இன்றைக்குச் சுடச்சுட விற்பதுதான் என் தொழில்.

அறுபதுகள் முழுக்கப் பம்பாயில் மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் தமிழ்ப் பேப்பர் விற்றேன். மெட்ராஸில் விடிகாலையில் அச்சாகி, ரயிலேறி, மறுநாள் தாதரில் கட்டாக இறங்கும். மாதுங்காவில் பாதி, தாராவியில் பாதி என்று பிரித்துப் போடுவேன். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு உலகச் செய்தி காலைக் காபியோடு வந்துவிடும். நம் ஆட்களுக்கு அது ஆறி அவலாகித்தான் வரும். சந்திரனில் மனுஷன் கால் வைத்ததை நான் தொண்டை கிழியக் கூவி விற்றபோது, அவன் அங்கிருந்து கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டிருந்தான். என்னைப் போலப் பேப்பர் போட்டவர்களுக்கும், ஊர்க் கடிதத்துக்காகத் தபால்காரன் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சும்மா படியுங்கள்.

நாய்கள்

ரஷ்யாக்காரன் இரண்டு நாய்களை மேலே அனுப்பி உயிரோடு இறக்கிய சமயம். அதற்கு முன்னால் அனுப்பிய நாய் திரும்பவில்லை என்பதில் மாதுங்காவில் ஒரு மாமிக்கு ரொம்ப நாளாக மனத்தாங்கல். அந்த நாயைக் கொன்றது நான்தான் என்பதுபோல என்னிடம் பேப்பர் வாங்கும்போதெல்லாம் முறைப்பாள்.

இந்த முறை நானே மாடியேறிப் போய், "ரெண்டும் சௌக்கியமா வந்துடுத்தாம் மாமி" என்று பேப்பரை நீட்டினேன். அவள் வாசற்படியிலேயே நின்று முழுக்கப் படித்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்து, உடனே வாடியது.

"ரெண்டு வாயில்லா ஜீவனையும் கரெக்டா எறக்கிட்டான் பாரு. எங்காத்துக்காரர் ரயில்ல பேப்பரைப் பிரிச்சுண்டு உக்காந்தா மாதுங்கால எறங்க மறந்து குர்லா வரைக்கும் போயிடறார்."

இறங்கிவிட்டவன்

முதல் மனுஷன் மேலே போன செய்தி வந்த சாயங்காலம், தாராவியில் நான் பேப்பர் போட்ட சந்துகளில் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். தோல் கிடங்கு வேலை முடிந்து வந்தவர்கள் அந்த நாற்றத்தோடேயே நின்று தேடினார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அவன் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி அன்றைக்கே இறங்கிவிட்டான், நீங்கள் பார்ப்பது வெறும் புகை என்று சொன்னேன். அதுவரை பேப்பருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு வாலிபன் கையை மடக்கிக்கொண்டான்.

"எறங்கிப் போனவனை எதுக்குடே எங்க தலையில கட்டுத?"

டிக்கெட்

பேச்சியம்மா அக்கா தாராவியில் இட்லி விற்றாள். எழுத்து தெரியாது. புருஷன் கள்ளச் சாராயத்துக்குச் சம்பாதித்து, மிச்ச நேரத்தில் அவளை அடிப்பான். ஒரு பெண் தன்னந்தனியாக ஆகாசத்துக்குப் போய்க் கிட்டத்தட்ட மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தாள் என்று படித்துக் காட்டினேன். அவள் இட்லித் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"மூணு நாளும் ஒருத்தனும் அடிக்காம, சோறு எங்கன்னு கேக்காம இருந்தாளா? டிக்கெட் எந்த ஸ்டேஷன்ல குடுக்கான்னு போட்டிருக்கா, பாரு தம்பி."

கயிறு

தங்கையா அண்ணாச்சி தாராவியில் பெட்டிக் கடையில், அதாவது சரக்கு அனுப்பும் மரப்பெட்டிகள் செய்கிற பட்டறையில், தச்சர். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். ஒரே மகன் சாமுவேல் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குச் சேர்ந்து பம்பாயிலிருந்து போனான். இரண்டு கடிதம் வந்தது. பிறகு நின்றது. அண்ணாச்சி கோட்டைப் பக்கம் இருந்த கப்பல் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அங்கே ஒரு குமாஸ்தா, கப்பல் 'ஓவர்டியூ' என்று மட்டும் சொன்னானாம். வரவேண்டிய நாளில் வரவில்லை, அவ்வளவுதான். மூழ்கியது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "உன் பேப்பரும் லேட்டாத்தான் வருது. அதுக்காக வராமலா போச்சு?" என்று என்னிடமே கேட்டார். 

அந்தச் சமயத்தில்தான் ரஷ்யாக்காரன் ஒருவன் ஆகாசத்தில் கப்பலை விட்டு வெளியே வந்து மிதந்தான். அண்ணாச்சி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவர், அவனைக் கயிற்றால் கப்பலோடு கட்டியிருந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"வெவரமான ஆளுவடே. கயிறு கட்டித்தான் விட்டிருக்காவ. நாமதான் புள்ளைய சும்மா விட்டுட்டோம்."

பதினாலு நாள்

அதற்கப்புறம் அவருக்கு ஒரு நேர்ச்சை பிடித்துக்கொண்டது. ஆகாசத்துக்கு யார் போனாலும், அவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று என் பேப்பரில் தன் கண்ணால் படிக்கிற வரை ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஆகாசத்துக்குப் போனவன் திரும்பினால் கடலுக்குப் போனவனும் திரும்புவான் என்பது ஆண்டவருக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தம். ரேடியோவில் சொன்னால் செல்லாது. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னாலும் செல்லாது. புரியாத பாஷையில் ஒரு சொல்லைக் கேட்டு அவர் பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் அச்சாகி வந்தால்தான் நம்புவார்.

நல்ல வேளையாகப் போனவர்கள் எல்லாரும் சீக்கிரம் இறங்கினார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்காக்காரர் இரண்டு பேர் போய், பதினாலு நாள் இறங்காமல் சுற்றினார்கள். நடுவில் வேறு இரண்டு பேர் போய் அவர்களைப் பக்கத்தில் பார்த்துவிட்டு மறுநாளே இறங்கினார்கள். "இவங்களை வச்சாவது சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றேன். முதலில் போனவன் இறங்காமல் எப்படிடே என்றார். மனுஷர் எலும்பும் தோலுமாகிவிட்டார். அவர் மனைவி எஸ்தர் அக்கா, மாதுங்கா வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டு பேரும் எறங்கதுக்குள்ள எங்க வீட்டு ஆளு மேல போய்ச் சேந்துருவாவ போலிருக்கே தம்பி."

கணக்கில் சேராதவர்கள்

அமெரிக்காவில் மூன்று பேர் ராக்கெட்டின் உச்சியில் அடைபட்டபடியே தீயில் வெந்து போனார்கள். மேலே போவதற்கு முன்னால் நடந்த ஒத்திகை அது. அன்றைக்கு நான் அண்ணாச்சி வீட்டுக்குப் பேப்பர் கொண்டுபோகப் பயந்தேன். அவரோ நிதானமாகப் படித்து, மூன்று பேருக்காகவும் ஜெபித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டைப் போடச் சொன்னார்.

"இது கணக்குல சேராதுடே. அவங்க பொறப்படவே இல்லைலா."

ஜெபக் கூட்டம்

அதே வருஷம் கோடையில் ரஷ்யாக்காரன் ஒருவன் தனியாகப் போனான். அவன் போன செய்தி என் பேப்பரில் வந்து சேர்ந்த அன்றைக்குக் காலையிலேயே, இங்கிலீஷ் பேப்பர்களில் அவன் செத்த செய்தி வந்துவிட்டது. இறங்கும்போது பாராசூட் சரியாக விரியாமல் தரையில் வந்து மோதியிருக்கிறான். தாதர் பிளாட்பாரத்தில் ஒரு கடையில் தொங்கிய இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துவிட்டு, அவன் கிளம்பிய செய்தியைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தேன். இந்தத் தொழிலில் அதைவிடக் கேடுகெட்ட நாள் எனக்கு வாய்க்கவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டில் ஜெபக் கூட்டம். நான் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பேப்பரை வாங்கிப் படித்தார். "ஆகாயத்தில் இருக்கிறவரையும் சமுத்திரத்தில் இருக்கிற சாமுவேலையும் பத்திரமாய்க் கொண்டுவந்து சேரும் ஆண்டவரே" என்று உருகி ஜெபித்தார். அங்கிருந்த பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. செத்தவன் பத்திரமாக இறங்க வேண்டுமென்று அத்தனை பேரும் ஆமென் சொன்னோம்.

எஸ்தர் அக்கா வாசல் வரை வந்தாள். வேலைக்குப் போன வீட்டு ரேடியோவில் அவளும் கேட்டிருக்கிறாள். நாளைக்குப் பேப்பர் கொண்டுவராதே, கட்டு வரவில்லை என்று சொல்லிவிடு என்றாள். அப்படியானால் அண்ணாச்சி ராத்திரி சாப்பிடமாட்டாரே என்றேன்.

"பசியில யாரும் ஒடனே சாக மாட்டாவ தம்பி. அந்தப் பேப்பரைப் படிச்சா இவிய இருக்க மாட்டாவ."

வராத கட்டு

மறுநாள் கட்டு வரவில்லை என்றேன். அதற்கு மறுநாளும் அதையே சொன்னேன். சந்தில் எல்லாருக்கும் தெரிந்தது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. பக்கத்து வீட்டில் ரேடியோவைக்கூட வைக்கவில்லை. அண்ணாச்சி தினமும் சந்து முனைக்கு வந்து, "காடி இன்னைக்கும் லேட்டாடே?" என்று மெட்ராஸ் ரயிலை விசாரித்துவிட்டு, வெறும் வயிற்றோடு படுக்கப் போனார். கடைசியில் பட்டறையில் பசிக் கிறக்கத்தில் ரம்பம் விரலில் இறங்கிவிட்டது.

அன்றைக்கு எஸ்தர் அக்கா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். "குடுத்துரு தம்பி. ரெண்டு பேரையும் என்னால பறிகுடுக்க முடியாது" என்றாள். சாமுவேல் இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்காக இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறாள்.

ஒளித்து வைத்திருந்த பேப்பரை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி கட்டுப்போட்ட விரலை வரியின் மேல் வைத்துப் படித்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார். அழவில்லை. "தரையிலதான விழுந்திருக்காரு?" என்றார். ஆமாம் என்றேன். "ஆளு கெடைச்சுதா?" என்றார். கிடைத்தது, மரியாதையோடு அடக்கமும் பண்ணிவிட்டார்கள் என்றேன். பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தார். "எஸ்தரு, சோறு போடு" என்றார். சாப்பிட்டார். அவர் பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகழுவிவிட்டு வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மரித்தவர்களுக்கான ஜெபத்தில் சாமுவேல் பெயரையும் சேர்க்கச் சொல்லவேண்டும் என்று அவளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரஷ்யாக்காரன் பொண்டாட்டி குடுத்து வச்சவடே. புருசன் எங்கன கெடக்கான்னு அவளுக்குத் தெரியும்லா."

எல்லாச் செய்தியையும் பிந்திக் கொண்டுவந்து ஊரெல்லாம் திட்டு வாங்கிய நான், இன்னும் கொஞ்சம் பிந்தியிருக்கக் கூடாதா என்று ஏங்கியது அந்த ஒரு பேப்பருக்குத்தான்.