நாலே எட்டு தூரம்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளுக்குக் கல்லு என்று பெயர் வைத்தது டோக்கன். டோக்கன் என்பதும் பெயரில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, நாள் முழுக்க எண்களைக் கூவுகிறவளை வேறு எப்படி அழைப்பது? பதினேழு வருஷமாக ஒருத்தி கதவுக்கு உள்ளே, ஒருத்தி வெளியே. நான் அதே தாழ்வாரத்தின் கோடியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருக்கிறேன். இருவருமே எனக்குச் சிநேகிதிகள். இதில் கொஞ்சம் நான் பார்த்தது, மீதி கல்லு பிறகு சொன்னது.

கல்லு என்ற பெயரில் அவளுக்குக் கோபமில்லை, உள்ளுக்குள் பெருமைதான். வந்தவர்களின் நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிறுத்துவாள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போவாள், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள், பொத்தானை அழுத்துவாள், "விடலாம்" என்பாள். திரையில் படம் வந்ததும் நல்லதோ கெட்டதோ அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. சொல்வது டாக்டரின் வேலை. எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. தன் முகத்தை வைத்து எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று என்னிடமே எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

டோக்கனுக்கு மூன்று வாரமாக இருமல். பாட்டில் பாட்டிலாக நான் கொடுத்த மருந்துக்கும் அது மசியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் குறைந்த நேரத்தில், கல்லுதான் நச்சரித்துச் சீட்டு எழுத வைத்து அவளை உள்ளே இழுத்துப் போனாள். படம் வந்தது. இடது பக்கம் மேலே, எலும்புகளுக்கு நடுவில், ஒரு வெள்ளைத் திட்டு. படத்தில் இடது என்றால் ஆளுக்கு வலது. நிழல் என்றுதான் பேச்சில் சொல்வார்கள், படத்தில் அது வெள்ளையாகத்தான் தெரியும். கல்லு அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மட்டும் அசையவில்லை. படம் பார்க்கிற டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று சொல்லிவிட்டு, டோக்கனின் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே வெளியே வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்த டோக்கன், உட்கார்ந்த கையோடு, நாளைக்கு லீவுதானே, ஊர் சுற்றலாமா என்று கேட்டாள். காலையில் ஓட்டல், மத்தியானம் ஓவியக் கண்காட்சி, சாயங்காலம் கல்லு வீட்டில் சமையல், நானும் என் வீட்டுக்காரரும் விருந்தாளிகள். வருஷக்கணக்கில் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட திட்டம். மறுத்தால் சந்தேகம் வந்துவிடும் என்று கல்லு தலையாட்டினாள்.

ஓட்டலில் ஜன்னலோர மேஜை. எப்போதும் டீயோடு எழுந்துவிடும் டோக்கன் அன்று முதலில் கேக் கேட்டாள், அப்புறம் ஆம்லெட், அப்புறம் பழத்தட்டு, அப்புறம் இரண்டாவது காபி. சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேக்கா என்று பரிமாறுகிறவர் சிரித்தார். கல்லு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். எதிரே இருப்பவள் இருமிக்கொண்டே இருந்தாள். ஒரு இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லிவிடலாமா என்று நூறு முறை யோசித்தாளாம். சொல்லி, அது எப்போதோ வந்து ஆறிய பழைய தழும்பாக இருந்துவிட்டால்? ஒரு மனுஷியின் தூக்கத்தைச் சும்மா கெடுத்த பாவம். சொல்லாமல் இருந்தாலோ, எதிரே உட்கார்ந்து கேக்கைப் பங்கு போட்டுக்கொண்டே பொய் சொல்வதாக இருந்தது. முகத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கண்காட்சி ஒரு பழைய மண்டபத்தின் மாடியில். டோக்கன் ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் ஆற அமர நின்றாள். கல்லுவுக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது. முதலில் ஓரங்களைப் பார்ப்பாள், பிறகு வலது பாதியையும் இடது பாதியையும் ஒப்பிடுவாள். படத்தைப் பார்க்கிறாயா, நோயாளியைப் பார்க்கிறாயா என்று டோக்கன் கிண்டல் செய்தாள். கடைசிச் சுவரில் ஏரி ஒன்று, சாம்பல் வானம். அந்த வானத்தின் இடது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு திட்டு. கல்லு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோக்கன் நகரவே இல்லை.

"இந்த வெள்ளை என்னவா இருக்கும்?"

மேகமாக இருக்கும் என்றாள் கல்லு.

"மேகம்னா கலைஞ்சு போயிடும் இல்ல?"

கல்லு திரும்பி நடந்தாள். கால் வலிக்கிறது என்று சொல்லிப் படியிறங்கிவிட்டாள். அதுவும் பொய். பொழுது விடிந்ததிலிருந்து அது எத்தனையாவது பொய் என்று அவளுக்கே தெரியவில்லை.

வழியில் கோழி, உருளைக்கிழங்கு, ரொட்டி, கீரை எல்லாம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் வெங்காயம் இல்லை. ஒரு பொருளையும் மறக்காத கல்லு வெங்காயத்தை மறந்திருந்தாள். போனால் போகட்டும் என்றாள் டோக்கன். அந்த அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாது. டோக்கன் முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவினாள். கல்லு கோழியை ஓவனுக்குள் தள்ளினாள், கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உப்புப் போட்டோமா இல்லையா என்று நினைவில்லாமல் இன்னொரு தரம் போட்டாள்.

"திங்கக்கிழமை டாக்டர் எத்தனை மணிக்கு வரார்?" என்று கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் டோக்கன் கேட்டாள்.

பத்து மணி என்றாள் கல்லு.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு நேத்தே தெரியும்."

கல்லு கையிலிருந்த தட்டை மேடைமேல் வைத்தாள். என் முகத்திலா தெரிந்தது என்று கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலை.

"உன் மூஞ்சியில என்னிக்குடி தெரிஞ்சிருக்கு? பதினேழு வருஷமா அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லா இருக்கிறவங்களை நீ அப்படியே அனுப்பிடுவே, தலைகூட நிமிர மாட்டே. படத்துல ஏதாவது இருந்தா மட்டும் அவங்க பையைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவே. உனக்கே தெரியாது அது."

நிஜமாகவே கல்லுவுக்குத் தெரியாது. அந்தக் கதவு வழியாகத் தான் பையோடு கொண்டுவந்து விட்ட முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"அந்தக் கதவிலிருந்து என் நாற்காலிக்கு நாலே எட்டு நடை. அந்த நாலு எட்டுக்கும் என் பையைத் தூக்கிக்கிட்டு வந்தியே, பாவி. அப்புறம் நான் என்னன்னு நினைக்கிறது?"

நேற்றே கேட்டிருக்கலாமே, ஏன் இப்படி ஊர் சுற்ற வைத்தாய் என்று கல்லு கேட்டாள். டோக்கன் கத்தியைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு புருஷன், மகள், தாழ்வாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் என்று எல்லோரும் தன்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும், அதற்கு முன்னால் முழுசாக ஒரு நாள் வேண்டும் என்று தோன்றியது என்றாள். தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். கேக் ருசிக்கவே இல்லையாம்.

அதற்குமேல் அடக்க முடியாமல் கல்லு அழுதாள். பதினேழு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது போல அழுதாள். அழைப்பு மணியை நான் அடித்தது அந்த நேரம் பார்த்துத்தான். கதவைத் திறந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் அரிந்தேன் என்றாள். உள்ளே போய்ப் பார்த்தால் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு வெங்காயம் இல்லை. கோழி ஒரு பக்கம் தீய்ந்து, உப்புக் கரித்தது. என் வீட்டுக்காரர் விவரம் புரியாமல் கேட்டு வாங்கி இரண்டு முறை சாப்பிட்டார். டோக்கன் அவரை ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. கேட்கப் பயமாக இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

கிளம்பும்போது கல்லு வழக்கம்போல, அதாவது தனக்கே தெரியாத அந்த வழக்கம்போல, டோக்கனின் பையை எடுத்துக்கொண்டாள். டோக்கன் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பையை நான் தூக்கிக்கிறேன். நீ சும்மா கூட நடந்து வா, போதும்."

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு எண்களைக் கூவ மேஜையில் ஆளில்லை, எக்ஸ்ரே அறையும் பூட்டியிருந்தது. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். டாக்டர் அறைக்குள் இருவரும் சேர்ந்து போனார்கள். பை டோக்கன் கையில்தான் இருந்தது.