பூமாரி ஒளித்த டப்பா

தாராவியில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் பூமாரியிடம், கோயில் சுவரிடுக்கில் யாரோ கண்டெடுத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு நோட்டும் ரப்பர் ஸ்டாம்பும். ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர்கள் நெட்டில் துப்புப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து முத்திரை குத்தும் விளையாட்டு அது என்று மகள் கலைச்செல்வி நோட்டை வாசித்துச் சொன்னாள்.

“தாராவியில போயி பிளாஸ்டிக்க ஒளிச்சு வச்சிருக்கானுவ, கோட்டிக்காரனுவ!”

பூமாரி எல்லாவற்றையும் தன் பேர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, அதே இடுக்கில் வைத்தாள்.

சாயங்காலமே பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி வந்து நின்றாள். “எக்கா, ஒம் பேரு போட்ட டப்பா கோயில் சுவத்துல கெடந்துச்சு.” நோட்டையும் ஸ்டாம்பையும் தனியே நீட்டினாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாமா? டப்பா நிறையச் சுசியம்.

மறுபடி ஒளித்தாள், முறுக்கோடு திரும்பியது. மூன்றாம் தடவை அதிரசம்.

நெட்டில் இருந்த துப்பைக் கலைச்செல்வி மாற்றி எழுதினாள்: ‘கோயிலருகே யாரிடமாவது பூமாரி வீட்டைக் கேளுங்கள். பசியோடு வாருங்கள்.’