பன்னிரண்டாவது நாற்காலி

என் மேசை இழுப்பறையில் பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்று கிடக்கிறது. மேலே ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கரில் 'லாத்தா' என்று லாத்தாவே வரைந்த எழுத்து. பேனாவைத் தேடினாலும் அதுதான் கையில் தட்டுகிறது, ஸ்டேப்ளரைத் தேடினாலும் அதுதான். எத்தனையோ முறை குப்பைத் தொட்டி வரை கொண்டுபோய்விட்டுத் திரும்ப உள்ளேயே போட்டிருக்கிறேன். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமானுக்கு இத்தனை அமர்க்களமா என்று என்னை நானே திட்டிக்கொள்வதும் உண்டு.

நான் வேலை பார்ப்பது அரசாங்கக் கண்காட்சிக் கூடம் ஒன்றின் படைப்புப் பிரிவில். அப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். நான் எழுதுகிறவன், லாத்தா வடிவமைப்பாளர். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் குடும்பம் அவருடையது. வீட்டில் தங்கைகள் அக்காவை 'லாத்தா' என்று கூப்பிடும் அந்தச் சொல்லை, சீன நண்பர்கள் உட்பட, ஆபீஸ் மொத்தமும் பிடித்துக்கொண்டது. ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே வருவார். வந்ததும் செருப்பை மேசைக்கடியில் உதறிவிட்டு, முந்தின நாள் நான் எழுதிக் கொடுத்ததில் பாதியை அடித்துவிடுவார். "சுவத்துல ஒட்டுறது தம்பி, பரீட்சை பேப்பர் இல்ல" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவர் அடித்தது எப்போதும் சரியாகவே இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல்.

நிறுவனம் மாறப்போகிறது என்று இயக்குநர் ஒரு நாள் அறிவித்தார். புதிய கட்டடம், புதிய பிரிவுகள். அதற்கு ஊழியர்களைத் தயார்செய்ய மூன்று கருத்தரங்குகள் நடத்த வேண்டும், திட்டமிடும் பொறுப்பு லாத்தாவுக்கும் எனக்கும். முதல் இரண்டும் சவசவவென்று முடிந்தன. பேச்சாளர்கள் திரையில் அம்புக்குறிகளைக் காட்டினார்கள், எங்கள் ஆட்கள் கைப்பேசியைக் காட்டிலும் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் இருந்தது ஒரே கேள்வி, எனக்கு இடம் உண்டா இல்லையா. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மூன்றாவதற்கு என்ன செய்வது என்று தேக்கா உணவங்காடியில் மதியச் சாப்பாட்டின்போது மண்டையை உடைத்துக்கொண்டோம். கூட்டமோ கூட்டம். லாத்தா பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, இடம் பிடித்ததற்கு அடையாளமாகக் காலி மேசையில் வைத்துவிட்டு, நிம்மதியாகப் பிரியாணி வாங்கப் போனார். தட்டோடு திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இதையே வச்சுடுவோம்லா. புது டீம் ஒவ்வொண்ணுக்கும் சேர் போட்டு, போர்டு மாட்டுறோம். ஆளுக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட். யாருக்கு எந்த டீம் பிடிக்குதோ அங்க வச்சு எடம் பிடிச்சுக்கட்டும்."

"சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். பயம் போவும்ல? நம்ம ஊருல டிஷ்யூ வச்ச எடத்த எவனாச்சும் எடுப்பானா?"

அன்று மாலையே பன்னிரண்டு பெயர்களையும் ஸ்டிக்கரில் வரைய உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் என்னை மட்டும் அழைத்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். பலகைகளுக்கு வாசகம் எழுதப் புதிய பிரிவுகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், யார் யார் என்ற விவரத்தோடு. கூட்டிப் பார்த்தேன், பதினொன்று. வடிவமைப்பு வேலை வெளி நிறுவனத்துக்குப் போகிறது. லாத்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. கருத்தரங்குகள் முடிந்த பிறகு அவரிடம் முறைப்படி சொல்வார்களாம், அதுவரை நான் மூச்சுவிடக் கூடாதாம், பலகைகளைக்கூட வெளியில் அச்சிட்டு அன்றைக்குத்தான் மாட்ட வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். என் பெயர் பட்டியலில் இருந்தது, அந்த நிம்மதியும் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் இல்லையென்றால், வேறு விளையாட்டு வைப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். மூன்று நாள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

கருத்தரங்கு நாள் காலை, அரங்க ஊழியர்கள் இயக்குநர் அனுப்பிய பட்டியலின்படி பதினொரு சாம்பல் நிற நாற்காலிகளைப் போட்டுவிட்டு சாமான் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே ஓடி, கேன்டீனிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து இரண்டு குழுக்களுக்கு நடுவில் செருகினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு.

விளையாட்டு களைகட்டியது. ஆட்கள் ஓடினார்கள், தள்ளினார்கள், மாதக்கணக்கில் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். லாத்தா ஓடியாடிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தன் பாக்கெட்டோடு வந்தபோது மிச்சமிருந்தது அந்தச் சிவப்பு நாற்காலி மட்டும். அதற்கு மேலே பலகை இல்லை. அவர் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போனார். வடிவமைப்பு என்ற சொல் எதிலும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது கேன்டீன் சேர்தானே?"

"ஆமா லாத்தா. சேர் பத்தல."

"எத்தன பத்தல?"

நான் பக்கத்துப் பலகையை நேராக்கப் போனேன்.

"ஒண்ணா?" என்றார், மிக மெல்ல.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாக்கெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, கை தட்டி எல்லோரையும் அழைத்து, மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தையும் சிரித்த முகமாக நடத்தி முடித்தார். குரல் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. நான்தான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அரங்கம் காலியானதும் நாற்காலியைக் கேன்டீனில் வைக்கத் தூக்கினேன். பாக்கெட் அதிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்கு ஓடினேன். கதவு மூடப் போகிறது, உள்ளே லாத்தா. நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"சேர தூக்கிட்டு ஓடியாந்தியே, அந்த நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். பிரியாவிடை விருந்தில் என்னோடும் நன்றாகவே பேசினார், வானிலையைப் பற்றி.

இப்போது நிறுவனம் மறுபடியும் மாறப்போகிறதாம். மறுபடியும் கருத்தரங்குகள், மறுபடியும் பழுப்பு உறை. லாத்தா போன பிறகு சேர்ந்த, வீடியோ எடுக்கும் தம்பியும் நானும் திட்டமிடுகிறோம். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், தஞ்சோங் பகாரில் வாடகை வீடு. புதிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. நேற்றுக் காலை உறையைப் பிரித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற தாளில் இம்முறை கையெழுத்தே போட்டிருக்கிறேன். விஷயம் வெளியே தெரிந்தால் என் வேலைக்கும் ஆபத்து.

இன்று மதியம் அவர் அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஹால்காரங்க கேக்குறாங்க. சேர் எத்தன சொல்றது?"

இழுப்பறையைத் திறந்தேன். லாத்தாவின் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அவங்களுக்கு அப்பறம் சொல்லிக்கலாம்," என்றேன். "ஒரு சேர் கொறையுது தம்பி. வாங்க, கீழ போய்ப் பேசலாம்."