சாட்சிக்கு வந்த பிடியாணை

உதவி செய்ததற்காகப் பொலிஸ் ஜீப்பில் ஏறியவன் நான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே வேன் மோதி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பொலிஸார் என்னைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். நீதிமன்ற அழைப்பாணை தேயிலைத் தோட்டத்து ஆபீஸிலேயே கிடந்திருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாதே. வழக்குக்கு வராதவன் என்று பிடியாணை போட்டு, லயத்து ஜனங்கள் பார்க்கப் பிடித்துப்போனார்கள்.

கண்டியில் திருடர்களோடு கூண்டில் நின்றேன். சட்டத்தரணி விளக்கியபின் நீதவான் பிடியாணையை ரத்துச் செய்தார்.

வாசலில் மனைவி கேட்டாள்: "ஆள இடிச்சவன் எங்கங்க?"

"அவன் பிணையில வெளிய இருக்கான்."

போன வாரம் அம்பிட்டிய வளைவில் ஒரு பெண் அடிபட்டுக் கிடந்தாள். "அண்ணே, ஒரு கை புடிங்க!" என்று நான் இருந்த பஸ்ஸைப் பார்த்து யாரோ கத்தினார்கள். நான் போனுக்குள் குனிந்துகொண்டேன்.

அவள் பிழைத்தாளா என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், பார்த்தவன் ஆகிவிடுவேன்.